நியூரான்கள் எப்படிப் பேசிக்கொள்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூரான் என்பது நரம்புச் செல். ஒரு நியூரானிலிருந்து அடுத்ததற்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் பல படிகள் நடந்து முடிகின்றன. ஒவ்வொரு படிக்கும் தனி மூலக்கூறு உண்டு, தனி நேரக் கணக்கு உண்டு, கெட்டுப்போகும் விதமும் தனி. ஒரு நோய் அல்லது மருந்து அல்லது நஞ்சு எந்தப் படியில் கைவைக்கிறது என்று தெரிந்துவிட்டால், அதன் அறிகுறிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அதனால் கீழே உள்ள பதில்களில் வேலை நடக்கும் விதத்தோடு, அது எங்கே பிசகுகிறது என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறோம்.

நியூரான்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா?

பெரும்பாலான இடங்களில் இல்லை. ஒன்றின் முனைக்கும் அடுத்ததற்கும் நடுவே 20 முதல் 40 நானோமீட்டர் இடைவெளி இருக்கிறது. இந்தச் சந்திப்பைத்தான் சினாப்ஸ் என்கிறோம். 1897-ல் சார்லஸ் ஷெரிங்டன் வழக்குக்குக் கொண்டுவந்த பெயர் அது. நரம்பு மண்டலம் முழுவதும் அறுபடாத ஒரே வலை என்று கமில்லோ கோல்கி நம்பினார். கோல்கி கண்டுபிடித்த அதே வெள்ளிச் சாயமேற்றும் முறையைக் கொண்டே, ஒவ்வொரு நியூரானும் தனிச் செல் என்று சான்டியாகோ ரமோன் இ கஹால் வாதிட்டார். 1906-ல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். 1950-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி அந்த இடைவெளியைக் கண்ணால் காட்டிய பிறகு கஹாலின் பக்கமே நிலைத்தது.

நியூரானின் எந்தப் பகுதிக்கு என்ன வேலை?

டெண்ட்ரைட் கிளைகள் செய்தியை வாங்குகின்றன. செல் உடல் புரதங்களைத் தயாரிக்கிறது. செல் உடலிலிருந்து ஆக்ஸான் கிளம்பும் தொடக்கப் பகுதியில்தான் ‘அனுப்பலாமா, வேண்டாமா’ என்பது தீர்மானமாகிறது. ஆக்ஸான் செய்தியைக் கொண்டுபோகிறது. அதன் முனைகள் அடுத்த செல்லிடம் ஒப்படைக்கின்றன.

தண்டுவடத்திலிருந்து பாதம் வரை ஓடும் ஆக்ஸான் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். முனைக்குத் தேவையான பல புரதங்களும் செல் உடலில் உருவாகிப் பயணம் செய்தே வர வேண்டும். மிக வேகமான சரக்குப் போக்குவரத்தே நாளொன்றுக்குச் சுமார் 400 மில்லிமீட்டர்தான். அதாவது பாதத்தை எட்ட இரண்டரை நாள். நீரிழிவால் வரும் நரம்புப் பாதிப்பு கால் விரல்களில் முதலில் தொடங்கி மேல்நோக்கி ஏறுவதற்கு இந்த நீளம் முக்கியக் காரணம்.

நரம்பில் ஓடுவது வீட்டு மின்கம்பியில் ஓடும் அதே மின்சாரமா?

இல்லை. கம்பியில் எலக்ட்ரான்கள் கம்பியின் நீளவாக்கில் நகர்கின்றன. நரம்பில் சோடியம், பொட்டாசியம் அயனிகள் (மின்னேற்றமுள்ள அணுக்கள்) செல் சவ்வின் குறுக்கே உள்ளும் புறமும் போகின்றன. ஒரு புள்ளியில் நடக்கும் மாற்றம் அடுத்த புள்ளியைத் தூண்டுகிறது. அந்தப் புள்ளி தன் சொந்த ஆற்றலில் அதே மாற்றத்தைப் புதிதாக உண்டாக்குகிறது. வெடியின் திரி எரிந்துகொண்டே போவது போல என்று சொல்லலாம்: நெருப்பு கடைசிவரை மங்குவதில்லை, ஏனென்றால் வழியெங்கும் வெடிமருந்து இருக்கிறது. நரம்பு தன் வெடிமருந்தைச் சில மில்லி நொடிகளில் மீட்டுக்கொள்கிறது என்பது மட்டுமே வேறுபாடு.

சும்மா இருக்கும்போது −70 மில்லிவோல்ட் என்கிறார்களே, அது எங்கிருந்து வருகிறது?

செல்லுக்கு வெளியே சோடியம் லிட்டருக்குச் சுமார் 145 மில்லிமோல், உள்ளே 10–15. பொட்டாசியம் தலைகீழ்: உள்ளே 140 அளவில், வெளியே 4 அளவில். இந்த ஏற்றத்தாழ்வை உண்டாக்கிக் காப்பது சோடியம்–பொட்டாசியம் பம்ப். செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. 1957-ல் இதைக் கண்டறிந்தவர் யென்ஸ் ஸ்கூ.

ஆனால் −70-க்கு நேரடிக் காரணம் பம்ப் என்று நினைப்பது பரவலான தவறு. ஓய்வில் சவ்வு பொட்டாசியத்துக்கு மட்டும் தாராளமாகக் கசிகிறது. நேர் மின்னேற்றமுள்ள பொட்டாசியம் வெளியேறுவதால் உட்புறம் எதிர்மறையாகிறது. பம்ப் அந்தக் கசிவுக்கான கையிருப்பைத் தீராமல் பார்த்துக்கொள்கிறது.

இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியத்தை மருத்துவர்கள் ஏன் அவ்வளவு கவனிக்கிறார்கள் என்பதும் இங்கேயே விளங்கும். இயல்பு அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல். அது 6.5-ஐத் தாண்டினால் ஓய்வு மின்னழுத்தம் மேலேறி, சவ்வில் சோடியம் நுழையும் புரத வழிகளான சோடியம் வாயில்கள் மூடிய நிலையிலேயே பூட்டிக்கொள்ளத் தொடங்குகின்றன. தசை தளர்கிறது, இதயத் துடிப்பு தாறுமாறாகிறது.

ஒரு மின்துடிப்பு படிப்படியாக எப்படி உருவாகிறது?

பாடநூல்கள் இதைச் செயல்நிலை மின்னழுத்தம் என்று அழைக்கின்றன. சவ்வின் மின்னழுத்தம் −70-லிருந்து ஏறி −55 மில்லிவோல்ட் அளவைத் தொட்டதும் சோடியம் வாயில்கள் திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய, மின்னழுத்தம் இன்னும் ஏற, இன்னும் அதிக வாயில்கள் திறக்கின்றன. தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் இந்தச் சுழற்சி ஒரு மில்லி நொடிக்குள் +30 அல்லது +40-க்குக் கொண்டுபோய்விடும். உடனே சோடியம் வாயில்கள் உட்புறமாக அடைத்துக்கொள்கின்றன. தாமதமாகத் திறக்கும் பொட்டாசியம் வாயில்கள் வழியே பொட்டாசியம் வெளியேற, மின்னழுத்தம் கீழிறங்கி −70-க்கும் சற்றுக் கீழே போய்த் திரும்புகிறது.

அடைத்துக்கொண்ட சோடியம் வாயில்கள் சுமார் ஒரு மில்லி நொடிக்கு எந்தத் தூண்டலுக்கும் திறக்காது. துடிப்பு வந்த வழியே திரும்பிப் போகாமல் முன்னோக்கி மட்டுமே ஓடுவது இதனால்தான்.

இதைக் கணிதச் சமன்பாடுகளாக 1952-ல் எழுதியவர்கள் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும். ஒரு மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள கணவாய் மீனின் ராட்சத ஆக்ஸானில் மின்முனையை உள்ளே நுழைத்து அளந்தார்கள். ஒரு துடிப்பில் உள்ளே போகும் சோடியம் மிகச் சொற்பம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். செறிவு கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. ஆகவே ‘ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் பம்ப் வந்து சரிசெய்கிறது’ என்ற விளக்கமும் சரியல்ல.

வலி அதிகமானால் துடிப்பு பெரிதாகுமா?

ஆகாது. வாசல் அளவான −55 மில்லிவோல்ட்டைத் தொட்டால் முழுத் துடிப்பு, தொடாவிட்டால் ஒன்றுமில்லை. லேசான தொடுகைக்கும் கடும் அழுத்தத்துக்கும் துடிப்பின் உயரம் ஒன்றே. மாறுவது ஒரு நொடியில் எத்தனை துடிப்பு என்பதும், எத்தனை நியூரான்கள் சேர்ந்து துடிக்கின்றன என்பதும். எட்கர் ஏட்ரியன் 1920-களில் தனி நரம்பிழைகளில் பதிவுசெய்து காட்டிய உண்மை இது.

செய்தி எவ்வளவு வேகத்தில் போகிறது?

நொடிக்கு அரை மீட்டரிலிருந்து 120 மீட்டர் வரை. இந்தப் பெரிய வித்தியாசத்துக்கு ஆக்ஸானின் தடிமனும் அதைச் சுற்றிய மையலின் என்ற கொழுப்பு உறையும் காரணம். மையலின் சுற்றிய ஆக்ஸானில் சோடியம் வாயில்கள், உறை இல்லாத சிறு இடைவெளிகளான ரான்வியர் கணுக்களில் குவிந்திருக்கின்றன. கணு ஒரு மைக்ரோமீட்டர் அகலம். இரு கணுக்களுக்கு இடையே பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவு தூரம். துடிப்பு கணுவுக்குக் கணு மட்டுமே புதுப்பிக்கப்படுவதால் நேரமும் ஆற்றலும் மிச்சமாகின்றன. வெறும் தடிமனை மட்டும் நம்பியிருந்தால் நம் தண்டுவடம் தாங்க முடியாத அளவு பருத்திருக்க வேண்டும்.

கால் விரலை இடித்துக்கொண்டால் முதலில் சுரீரென்று ஒரு வலி, சற்றுப் பொறுத்து மந்தமாக எரிகிற இன்னொரு வலி. முதலாவது, நொடிக்குச் சுமார் 15 மீட்டர் வேகமுள்ள மெல்லிய மையலின் இழைகளில் வருகிறது. இரண்டாவது, மையலின் இல்லாத, நொடிக்கு ஒரு மீட்டர் அளவே நகரும் இழைகளில். ஒரு மீட்டர் தூரத்துக்கு முதலாவதற்கு 0.07 நொடி போதும். இரண்டாவதற்கு முழு நொடி ஆகும்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் மூளை, தண்டுவட மையலின் சிதைகிறது. உறை போன இடத்தில் மின்னோட்டம் கசிந்து, அடுத்த கணு வாசல் அளவை எட்டுவதில்லை. வெந்நீரில் குளித்தால் இந்த நோயாளிகள் சிலருக்குப் பார்வை சற்று நேரம் மங்கும். உடல் சூடேறும்போது சோடியம் வாயில்கள் சீக்கிரம் அடைத்துக்கொள்வதால் துடிப்பு குறுகிவிடுகிறது. ஏற்கெனவே விளிம்பில் இருந்த கடத்தல் நின்றுபோகிறது. உடல் குளிர்ந்ததும் பார்வை பழைய நிலைக்குத் திரும்பும்.

சினாப்ஸில் என்னதான் நடக்கிறது?

துடிப்பு ஆக்ஸான் முனையை அடைந்ததும் கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. வெளியே கால்சியம் உள்ளே இருப்பதைப் போலச் சுமார் பத்தாயிரம் மடங்கு என்பதால் அது வேகமாக நுழைகிறது. முனையில் 40 நானோமீட்டர் அளவுள்ள சிறு பைகள் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் செய்தியைச் சுமக்கும் ‘கடத்தி’ மூலக்கூறுகள் பல ஆயிரம். பையின் மேலுள்ள சினாப்டோபிரெவின் புரதமும், சவ்வில் உள்ள சின்டாக்சின், ஸ்னாப்-25 புரதங்களும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு பையைச் சவ்வோடு ஒட்டி இழுத்து வைத்திருக்கும். சினாப்டோடாக்மின் என்ற புரதம் கால்சியத்தைப் பிடித்ததும் பை சவ்வோடு கலந்து, உள்ளிருப்பதை இடைவெளியில் கொட்டுகிறது. இத்தனையும் ஒரு மில்லி நொடிக்குள்.

எதிர்ப்புறத்தில் ஏற்பிகள் என்ற புரதங்கள் அந்த மூலக்கூறைப் பிடித்து அயனி வாயிலைத் திறக்கின்றன, அல்லது செல்லுக்குள் மெதுவான வேதிவினைத் தொடரைத் தொடங்கிவைக்கின்றன. பிறகு இடைவெளியைச் சுத்தம் செய்தாக வேண்டும். கடத்திகளில் அசிட்டைல்கோலினை ஒரு நொதி வெட்டுகிறது. குளூட்டமேட்டைப் பெரும்பாலும் நியூரான்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் உறிஞ்சுகின்றன. டோபமினும் செரட்டோனினும் வெளியிட்ட முனைக்கே திரும்ப இழுக்கப்படுகின்றன. பலர் கவனிக்காமல் விடும் கட்டம் இது. மன அழுத்த மருந்துகளில் பெரும்பாலானவை வேலை செய்வது இந்தத் துப்புரவுக் கட்டத்தில்தான்.

கடத்துவது வேதிப்பொருள்தான் என்று எப்படி உறுதியானது?

1921-ல் ஓட்டோ லோவி ஒரு தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்கவிட்டு, அதன் வேகஸ் நரம்பைத் தூண்டினார். துடிப்பு மெதுவானது. அந்தக் கரைசலை எடுத்து இரண்டாவது இதயத்தின் மேல் விட்டபோது அதுவும் மெதுவானது. இரண்டுக்கும் நடுவே நரம்புத் தொடர்பு எதுவும் கிடையாது. ஆக, கரைசலில் ஏதோ கலந்திருந்தது. அதுதான் அசிட்டைல்கோலின்.

டோபமின் ‘இன்பத்தின் வேதிப்பொருள்’ தானே?

அப்படிச் சொல்வது தவறான இடத்துக்குக் கூட்டிப்போகும். ஒரு கடத்தியின் விளைவை ஏற்பியே தீர்மானிக்கிறது. அசிட்டைல்கோலின் எலும்புத் தசையைச் சுருக்குகிறது. அதே மூலக்கூறு இதயத்தை மெதுவாக்குகிறது. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளில் செய்த ஆய்வுகளில், டோபமின் நியூரான்கள் எதிர்பாராத பரிசுக்கு வேகமாகத் துடித்தன. பரிசு வரும் என்பதற்கான அறிகுறியைக் குரங்கு கற்றுக்கொண்ட பின் அறிகுறிக்கே துடித்தன; எதிர்பார்த்த பரிசு வராதபோது துடிப்பு குறைந்தது. எதிர்பார்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அவை தெரிவிக்கின்றன. இன்னொரு பாதையில் அதே டோபமின் உடலசைவைத் தொடங்க உதவுகிறது. அந்த நியூரான்கள் அழிவதால் வருவது பார்க்கின்சன் நோய். டோபமினை மாத்திரையாகக் கொடுத்தால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. அதனால் உள்ளே போய் டோபமினாக மாறும் லெவோடோபா தரப்படுகிறது.

ஆயிரக்கணக்கான செய்திகள் வந்தால் நியூரான் எதைக் கேட்கும்?

எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கும். மூளைப் புறணியின் ஒரு பிரமிடு நியூரானுக்குப் பல ஆயிரம் சினாப்ஸ்கள் உண்டு. துடிக்கத் தூண்டும் ஒரு கிளர்ச்சிச் சினாப்ஸ் தருவது பெரும்பாலும் ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. −70-லிருந்து −55-க்கு ஏற 15 வேண்டும். ஆகவே பல சினாப்ஸ்கள் ஒரே சமயத்தில் வேலை செய்ய வேண்டும், அல்லது ஒரே சினாப்ஸ் அடுத்தடுத்து விரைவாகத் தூண்ட வேண்டும். ஒவ்வொரு சிறு ஏற்றமும் 10–20 மில்லி நொடியில் தணிந்துவிடும். அதற்குள் அடுத்தது வந்தால் கூடும், தாமதித்தால் வீண். இடமும் முக்கியம்: செல் உடலருகே அமர்ந்த ஓர் அடக்கும் சினாப்ஸ், தொலைவில் உள்ள பல கிளர்ச்சிச் சினாப்ஸ்களை ஒன்றுமில்லாமல் செய்துவிடும்.

நரம்பு தசையைச் சந்திக்கும் இடம் ஒரு விதிவிலக்கு. அங்கே கூட்டல் கிடையாது. ஒரு நரம்புத் துடிப்பு தேவைக்கு மேல் பல மடங்கு அசிட்டைல்கோலினைக் கொட்டி, தசைத் துடிப்பை உறுதிசெய்கிறது. மயஸ்தீனியா கிராவிஸ் நோயில் எதிர்ப்புரதங்கள் அந்த ஏற்பிகளை அழிப்பதால் இந்த உபரி கரைகிறது. தொடர்ந்து வேலை செய்யும்போது முனையில் வெளியாகும் அளவு இயல்பாகவே சற்றுக் குறையும். ஆரோக்கியமானவருக்கு அது தெரியாது, இவர்களுக்கோ மாலைக்குள் இமை தொங்கிவிடும்.

அடக்கும் நியூரான்கள் எதற்கு? எல்லாம் கிளர்த்தினால் மூளை இன்னும் சுறுசுறுப்பாக இருக்காதா?

வலிப்புதான் வரும். மூளையில் காபா என்ற கடத்தியும், தண்டுவடத்தில் அதோடு கிளைசினும் சேர்ந்து துடிப்புகளைக் கட்டுக்குள் வைக்கின்றன. வலிப்பை நிறுத்தக் கொடுக்கும் லோராசெபாம் போன்ற மருந்துகள் காபா ஏற்பியின் வேலையை வலுப்படுத்துகின்றன. எட்டிக்கொட்டையில் உள்ள ஸ்ட்ரிக்னின் கிளைசின் ஏற்பியை அடைப்பதால் சிறு ஓசைக்கும் உடல் முழுதும் விறைக்கிறது.

டெட்டனஸ் நஞ்சும் பாட்டுலினம் நஞ்சின் ‘பி’ வகையும் சினாப்டோபிரெவினை ஒரே இடத்தில் வெட்டுகின்றன. ஆனால் விளைவு நேரெதிர். பாட்டுலினம் தசை நரம்பின் முனையிலேயே தங்கி அசிட்டைல்கோலினைத் தடுப்பதால் தசை துவள்கிறது. டெட்டனஸ் நஞ்சு ஆக்ஸான் வழியே பின்னோக்கிப் பயணித்துத் தண்டுவடத்தின் அடக்கும் நியூரான்களுக்குள் புகுவதால், கட்டுப்பாடு இழந்த தசை விறைக்கிறது. நரம்பியலில் ‘எங்கே’ என்ற கேள்வி ‘எது’ என்பதற்கு நிகரானது என்று காட்ட இதைவிடத் தெளிவான சான்று நமக்குத் தெரிந்து இல்லை.

நியூரான்கள் கூட்டாக வேலை செய்வதற்கு எளிய எடுத்துக்காட்டு எது?

முழங்கால் அனிச்சைச் செயல். முட்டிச் சில்லுக்குக் கீழுள்ள தசைநாணைச் சுத்தியலால் தட்டினால் தொடையின் முன்தசை நீள்கிறது. தசைக்குள் உள்ள நீட்சி உணர்வி துடிப்பை அனுப்ப, அது தண்டுவடத்தின் இடுப்புப் பகுதியில், முக்கியமாக மூன்றாம், நான்காம் இடுப்பு நரம்பு மட்டத்தில், இயக்க நியூரானை நேரடியாகத் தூண்டுகிறது. நடுவே ஒரே ஒரு சினாப்ஸ்தான். சுமார் 20 மில்லி நொடியில் தசையில் மின்துடிப்பு தோன்றிவிடும். அதே உணர்வு இழையின் இன்னொரு கிளை ஓர் இடைநியூரானைத் தூண்டி, தொடையின் பின்தசையை இயக்கும் நியூரானை அடக்குகிறது. இந்த அடக்கல் இல்லாவிட்டால் இரு தசைகளும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும்.

மூளைக்கு இதில் பங்கில்லை என்று நினைக்க வேண்டாம். இரு கை விரல்களையும் கொக்கிபோல் கோத்து இழுத்துப் பிடிக்கச் சொன்னால் அனிச்சை வலுவாகும். மங்கலாகத் தெரியும்போது மருத்துவர்கள் இதைத்தான் செய்வார்கள். அனிச்சை அறவே இல்லையென்றால் புற நரம்பிலோ நரம்பு வேரிலோ பாதிப்பைத் தேட வேண்டும். மிகையாக இருந்தால் மூளையிலிருந்து இறங்கும் கட்டுப்பாட்டுப் பாதையில் கோளாறு இருக்கலாம்.

இடைவெளியே இல்லாத சினாப்ஸ்களும் உண்டா?

உண்டு. மின் சினாப்ஸில் கனெக்சின் புரதக் குழாய்கள் இரு செல்களையும் நேரடியாக இணைக்கின்றன. தாமதம் கிட்டத்தட்ட இல்லை. பல நியூரான்கள் ஒத்திசைந்து துடிக்க இவை உதவுகின்றன. ஆனால் கிளர்ச்சியை அடக்கலாக மாற்றும் வசதி வேதிச் சினாப்ஸுக்குத்தான் உண்டு.

கற்றுக்கொள்ளும்போது சினாப்ஸில் என்ன மாறுகிறது?

1973-ல் டிம் பிளிஸ்ஸும் டெர்யே லோமோவும் முயலின் ஹிப்போகாம்பஸில் (நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதி) ஒரு பாதையை வேகமான தொடர் துடிப்புகளால் தூண்டினார்கள். அதன் பிறகு அதே சிறு தூண்டலுக்குக் கிடைத்த பதில் மணிக்கணக்கில் பெரிதாகவே நீடித்தது. இதற்கு முக்கியக் கருவி, குளூட்டமேட்டைப் பிடிக்கும் என்எம்டிஏ ஏற்பி. அதன் துளையை மக்னீசியம் அயனி அடைத்திருக்கும். குளூட்டமேட் வர வேண்டும், பெறும் நியூரானும் ஏற்கெனவே கிளர்ந்திருக்க வேண்டும்; இரண்டும் சேர்ந்தால்தான் அடைப்பு விலகிக் கால்சியம் நுழையும். அதன் விளைவாகக் கூடுதல் குளூட்டமேட் ஏற்பிகள் சவ்வுக்கு வருகின்றன. அந்தச் சினாப்ஸ் வலுப்பெறுகிறது.

மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோமா?

இல்லை. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்விலும் 20 சதவீத ஆற்றலைச் செலவழிக்கிறது. சுமார் 8,600 கோடி நியூரான்களில் ஒரு நொடியில் சிறு பகுதியே துடிக்கும் என்பது உண்மை. பெருந்திரளாக ஒன்றுசேர்ந்து துடித்தால் அது வலிப்பு.

கால் மரத்துப்போவதும், பதற்றத்தில் விரல்கள் சுணைப்பதும் ஒன்றா?

வேறு வேறு. கால்மேல் கால் போட்டு வெகுநேரம் அமர்ந்தால் நரம்பு அழுந்தி அதன் இரத்த ஓட்டம் குறைகிறது. ஏடிபி குறைய, பம்ப் தளர, கடத்தல் நின்றுவிடுகிறது. அழுத்தம் நீங்கியதும் நிலைகொள்ளாத சவ்வு தானாகத் துடிப்பதே அந்த ஊசி குத்தும் உணர்வு. பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்கும்போது கரியமில வாயு அதிகம் வெளியேறி இரத்தத்தின் காரத்தன்மை ஏறுகிறது. கால்சியம் புரதத்தோடு கூடுதலாக ஒட்டிக்கொள்ள, தனி அயனியாக இருக்கும் கால்சியம் குறைகிறது. அப்போது சோடியம் வாயில்கள் எளிதில் திறப்பதால் விரலிலும் உதட்டைச் சுற்றியும் சுணைப்பு வருகிறது.

சீழ் பிடித்த பல்லில் மரப்பு ஊசி ஏன் சரியாக வேலை செய்வதில்லை?

மரப்பு மருந்தான லிடோகைனின் மூலக்கூறு மின்னேற்றம் இல்லாத வடிவில்தான் சவ்வைக் கடக்கும். உள்ளே போன பிறகு மின்னேற்றம் பெற்று, சோடியம் வாயிலை உட்புறமிருந்து அடைக்கும். சீழ் பிடித்த திசு அமிலத்தன்மை கொண்டது. அங்கே பெரும்பகுதி மருந்து வெளியிலேயே மின்னேற்றம் பெற்று நின்றுவிடுகிறது. அதனால்தான் சற்றுத் தள்ளி, ஆரோக்கியமான இடத்தில் நரம்பின் அடிப்பகுதியில் ஊசி போடுகிறார்கள்.

பூச்சிக்கொல்லி நஞ்சுக்கு அட்ரோபின் மட்டும் போதாதா?

கரிம பாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகள் அசிட்டைல்கோலினை வெட்டும் நொதியை முடக்குகின்றன. உமிழ்நீர், வியர்வை, மூச்சுக்குழாய்ச் சளி பெருகும்; கண்பாவை சுருங்கும்; தசைகள் துடித்துப் பிறகு செயலிழக்கும். சுரப்பிகள், இதயம், மூச்சுக்குழாய் ஆகியவற்றில் உள்ள ஏற்பிகளை அட்ரோபின் அடைத்துச் சளியைக் கட்டுப்படுத்துகிறது. எலும்புத் தசையின் ஏற்பி வேறு வகை. அங்கே அது செல்லாது. ஆகவே மூச்சுத் தசைகள் தளர்ந்தால் செயற்கைச் சுவாசம் தேவை. நொதியை விடுவிக்க முயலும் பிராலிடாக்சிம், நஞ்சு நிரந்தரமாகப் பிணைவதற்கு முன் கொடுத்தால்தான் பயன் தர முடியும். மருத்துவமனைக்குச் செல்லும் நேரம் உயிரைத் தீர்மானிக்கிறது.

அறுந்த நரம்பு மறுபடி வளருமா?

கை கால் நரம்புகளில் வளரும், நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். அறுந்த இடத்துக்கு அப்பாலுள்ள ஆக்ஸான் சிதைந்துபோனாலும் அந்த நரம்புகளில் மையலின் சுற்றும் ஷ்வான் செல்கள் வரிசையாக நின்று வழிகாட்டுகின்றன. அக்குளருகே அறுந்தால் விரல் வரை 60 சென்டிமீட்டர். கணக்குப்படி 600 நாள். நரம்பில்லாமல் ஓராண்டைத் தாண்டிய தசை நார்த்திசுவாக மாறத் தொடங்குவதால், வெட்டுக்காயத்தில் நரம்பை விரைவாகத் தைப்பது முக்கியம். வளரும் முனை எங்கே இருக்கிறது என்பதைத் தோலின் மேல் மெல்லத் தட்டியே அறியலாம். முனை உள்ள இடத்தில் சுரீரென்று பரவும்.

மூளையிலும் தண்டுவடத்திலும் நிலைமை வேறு. அங்கு மையலின் செய்யும் ஆலிகோடெண்ட்ரோசைட்டுகளின் புரதங்களும் ஆஸ்ட்ரோசைட் வடுவும் நீண்ட மறுவளர்ச்சியைத் தடுக்கின்றன. பக்கவாதத்துக்குப் பிறகு கிடைக்கும் முன்னேற்றத்தில் பெரும்பகுதி, தப்பிய நியூரான்கள் புதுக் கிளை விட்டும் இருக்கும் சினாப்ஸ்களை வலுப்படுத்தியும் வேலையை ஏற்பதால் வருகிறது. அதற்குப் பயிற்சி வேண்டும். முதல் மூன்று மாதங்களில்தான் பெரும்பாலும் வேகமான முன்னேற்றம் தெரிகிறது.